கடைசியில் வாங்க ஓர் ஆள்: ஜி20 நிதியமைச்சர்களுக்குக் குலசேகரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

ஜி20 நாடுகளின் நிதியமைச்சர்களுக்கும் மத்திய வங்கித் தலைவர்களுக்கும் வணக்கம்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கும் திருவட்டாறுக்கும் நடுவே ஒரு ஜங்ஷனில் மலைச்சரக்குக் கடை வைத்திருக்கிறேன். அப்பா போட்ட கடை. ரப்பர் ஷீட், ஒட்டுப்பால், நல்லமிளகு, கிராம்பு, பாக்கு, கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) எல்லாம் சின்னச் சின்ன விவசாயிகளிடம் வாங்கி மேலே அனுப்புவது தொழில். முக்கால்வாசி வியாபாரம் ரப்பர்தான். கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். காலையில் திறந்ததும் நேற்றைய விலையை ஈரத்துணியால் அழித்துவிட்டு, கேரளத்து ரப்பர் சந்தையான கோட்டயத்துக்குப் போன் போட்டுக் கேட்டு, இன்றைய விலையைச் சாக்கட்டியால் எழுதுவேன். கோட்டயத்துக்காரருக்கு அந்த விலை சிங்கப்பூரையும் டோக்கியோவையும் ஷாங்காயையும் பார்த்து வருகிறது. அங்கிருப்பவர்கள் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக, அந்தக் கயிற்றின் ஒரு நுனியில் நீங்கள், இன்னொரு நுனியில் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் கூட்ட அறிக்கைகளை நான் வாசிப்பதுண்டு. மகள் போனில் எடுத்து அர்த்தம் சொல்லித் தருவாள். 2009-இல் பிட்ஸ்பர்க்கில் உங்கள் தலைவர்கள் கூடி "வலுவான, நீடித்த, சமச்சீரான வளர்ச்சி" என்று ஒரு வாசகம் பிடித்தார்கள். நல்ல வாசகம். எங்கள் கடையில் சமம் என்றால் தராசு முள் நடுவில் நிற்பது. முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க, சரக்குக் கொண்டுவந்த ஆளும் தராசுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவரை வெளியே நிறுத்திவிட்டு எடை போட்டால் ஊரில் ஒருவனும் நம்ப மாட்டான்.

சரி, 2008-க்கு வருகிறேன். அந்த வருடத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதிவிட்டார்கள். இந்தப் பலகையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

2008 ஆகஸ்டில் ரப்பர் கிலோ 130 ரூபாய்க்கு மேலே நின்றது. சில நாள் 140-ஐத் தொட்டுப் பார்த்தது. அப்பா காலத்தில் யாரும் கனவிலும் காணாத விலை. செப்டம்பர் 15, திங்கட்கிழமை, நியூயார்க்கில் 158 வருடப் பழைய லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி 600 பில்லியன் டாலருக்கு மேல் கடனோடு திவால் மனு கொடுத்தது. அன்று எங்கள் பலகையில் ஒன்றும் ஆகவில்லை. டிவியில் ஆட்கள் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய கட்டடத்திலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தோம். 'ஐயோ பாவம்' என்றுகூடச் சொன்னோம். அக்டோபரில்தான் எங்களுக்கு உறைத்தது. ஒரே நாளில் மூன்று தடவை பலகையை அழித்து எழுதியிருக்கிறேன். டிசம்பரில் விலை பாதிக்கும் கீழே போய் 60-களில் நின்றது.

ஏன் விழுந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை, நானாகத்தான் துருவிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் கார் விற்பனை படுத்துவிட்டது. கார் இல்லையென்றால் டயர் இல்லை, டயர் இல்லையென்றால் ரப்பர் எதற்கு? அந்த ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய் டிசம்பரில் 40-க்கும் கீழே இறங்கியது. எண்ணெய் மலிந்தால் அதிலிருந்து செய்கிற செயற்கை ரப்பரும் மலியும், எங்கள் மரத்து ரப்பரைக் கேட்பார் குறைவார்கள். கப்பல் வாடகைக்குப் பால்டிக் டிரை என்று ஒரு குறியீடு இருக்கிறது. அந்த மே மாதம் அது 11,793. டிசம்பரில் 663! கப்பல்கள் எங்கும் ஓடிப்போய்விடவில்லை. சரக்கும் துறைமுகத்தில்தான் கிடந்தது. சரக்குக்குப் பணம் வந்துவிடும் என்று ஒரு வங்கி எழுதிக் கொடுத்த உறுதிக் கடிதத்தை, அதாவது எல்.சி-யை, இன்னொரு வங்கி நம்பத் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

நம்பிக்கை பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். ரப்பர் ஷீட்டுக்குத் தரம் பார்ப்பது என் அன்றாட வேலை. ஷீட்டை இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். நல்ல ஷீட் தேன் நிறத்தில் வெளிச்சத்தை உள்ளே விடும். பாலைச் சரியாக அரிக்காவிட்டால் பட்டைத் தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஆசிட் கலந்ததில் கோளாறு இருந்தால் குமிழ் குமிழாக இருக்கும். புகைப்புரையில் சரியாக உலராதது நடுவில் வெள்ளைப் பாடாக நிற்கும். கட்டுக்கு மேலேயும் கீழேயும் நல்ல ஷீட்டை வைத்து, நடுவில் ஈரச் ஷீட்டைச் செருகிக் கொண்டுவருகிற கில்லாடிகளும் உண்டு. அதனால் சொந்தக்காரனே கொண்டுவந்தாலும் கட்டைப் பிரித்துத்தான் பார்ப்பேன். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

உங்கள் ஊரில் கட்டை யாரும் பிரிக்கவில்லை. திருப்பிக் கட்ட முடியாதவர்களுக்கெல்லாம் வீட்டுக்கடன் கொடுத்து, அந்தக் கடன் பத்திரங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துக் கட்டி, அந்தக் கட்டுகளில் விலைபோகாத மிச்சத்தை எடுத்து வேறு கட்டாகக் கட்டி, அதற்கும் மூன்று 'ஏ' என்ற உச்சத் தரம் போட்டு உலகம் முழுக்க விற்றார்கள். தரம் போட்டவர்களுக்குக் கூலி கொடுத்தது யார்? கட்டை விற்றவர்களே. என் கடையில் நான் அப்படிச் செய்திருந்தால் மார்த்தாண்டம் வரைக்கும் என் பேர் நாறியிருக்கும். அப்படித் தரம் போட்ட ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் 2015-இல் 137.5 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டு இன்றும் தரம் போட்டுக்கொண்டிருக்கிறது. நடுவில், 2011 ஆகஸ்டில், அமெரிக்க அரசாங்கத்தின் கடன் தரத்தையே ஒரு படி இறக்கியதும் அந்த நிறுவனம்தான்! இதைக் கேட்டு எங்கள் கடைத் திண்ணையில் சிரிக்காத ஆள் இல்லை.

அந்த டிசம்பரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும். கோதையாறு போகிற வழியிலிருந்து ஒரு பாட்டா ஜீப்பில் ஷீட் ஏற்றிக்கொண்டு வந்தார். அவருக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர். ஆகஸ்டிலேயே விற்க வந்தவரை நான்தான், "150 வரும்போல இருக்கு, புகைப்புரையில் வையுங்க பாட்டா" என்று திருப்பி அனுப்பியிருந்தேன். தை மாதம் பேத்திக்குக் கல்யாணம். எடை போட்டேன், 212 கிலோ. அவ்வளவு நாள் புகையில் கிடந்து ஷீட் நல்ல தேன் நிறம். ஒரு புள்ளி இல்லை. ஆகஸ்டில் 29,000 ரூபாய் பெற்றிருக்க வேண்டிய சரக்கு. 13,500 எண்ணிக் கொடுத்தேன்.

பாட்டா எண்ணிப் பார்க்கவில்லை, மடியில் செருகிக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "லேமன் லேமன்னு சொல்லுதாவளே, அவன் யாரு மக்கா? நம்மகிட்ட என்னைக்காவது ரப்பர் வாங்கினவனா?"

"இல்ல பாட்டா."

"பின்ன அவன் செத்ததுக்கு நாம எதுக்குடே துட்டிச் செலவு செய்யணும்?"

உங்களில் யாருக்காவது துட்டி என்றால் தெரியாமல் இருந்தால்: எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போய் வருவதைத் துட்டி கேட்பது என்போம். சொந்தபந்தம் சாவுக்குச் செலவு செய்வது முறை. முன்பின் தெரியாதவன் சாவுக்குப் பேத்தியின் கல்யாணக் காசில் செலவு செய்வது எந்த முறை என்று பாட்டா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. அதனால்தான் கேள்வியை உங்களுக்கு அனுப்புகிறேன்.

என் கதையும் அப்போது சுகமில்லை. 130-க்கு மேல் கொடுத்து வாங்கிய இரண்டு டன் கிடங்கில் கிடந்தது. மேலே எடுக்கிற ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. ஓ.டி. (மேற்பற்று) கணக்கில் இரண்டு லட்சம் கூட்டித் தரச் சொல்லி ஒரு வங்கியில் போய் நின்றேன். ஆதாரப் பத்திரம், வில்லங்கச் சான்று, தீர்வை ரசீது, ஜாமீன் போட இரண்டு பேர். எல்லாம் கொடுத்தும் மார்ச் மாதம் ஆகிவிட்டது. அதையும் இதையும் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஏ.ஐ.ஜி. என்ற இன்சூரன்ஸ் கம்பெனியின் கதையைப் பார்த்தேன். லேமன் விழுந்த மறுநாளே, செப்டம்பர் 16 அன்று, அமெரிக்க மத்திய வங்கி அதற்கு 85 பில்லியன் டாலர் கடன் அறிவித்தது. அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட நாலு லட்சம் கோடி ரூபாய். ஒரே நாள்! ஜாமீன் போட்ட இரண்டு பேர் யார் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அக்டோபர் 3-இல் வங்கிகளைக் காக்க 700 பில்லியன் டாலருக்குச் சட்டமே போட்டார்கள்.

தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா வங்கியும் ஒரே வாரத்தில் கவிழ்ந்திருந்தால் 60 ரூபாய்கூட எனக்குக் கிடைத்திருக்காது என்று ஒத்துக்கொள்கிறேன். 'கடைசி நேரத்தில் கடன் கொடுப்பவர்' என்று நீங்கள் சொல்கிற ஏற்பாடு தேவைதான். வங்கிக்கு யாரும் கடன் கொடுக்க மாட்டேன் என்கிற அன்று கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ரப்பரை யாரும் வாங்க மாட்டேன் என்கிற அன்று வாங்க ஓர் ஆள்? கடைசி நேரத்தில் வாங்குகிறவர் யார்? இந்த மடலே அதைக் கேட்பதற்குத்தான்.

அதற்கு முன் சீனாவைப் பற்றி. பொருளாதார பலம் மேற்கிலிருந்து கிழக்குக்கு நகர்கிறது என்று பேசுகிறீர்களே, அது நகர்ந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். 2008 நவம்பரில் சீனா 4 லட்சம் கோடி யுவான் செலவுத் திட்டம் அறிவித்தது. அடுத்த ஜனவரியில் சிறிய கார்களுக்கு வாங்கும் வரியைப் பத்திலிருந்து ஐந்து சதவிகிதமாக்கியது. அந்த 2009-இலேயே உலகத்தில் அதிகம் கார் விற்கும் நாடு அமெரிக்கா என்பது மாறி, சீனா ஆனது. 2010-இல் ஜப்பானைத் தாண்டி உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரம் ஆனது. எங்கள் பலகையில் அது எப்படித் தெரிந்தது? 2009 கோடையில் விலை மெல்ல ஏறியது. 2010-11-இல் கோட்டயத்துச் சராசரி 190. 2011 ஏப்ரலில் 240-ஐத் தொட்டது. அதுவரை "கோட்டயத்துல என்ன வில?" என்று கேட்டு வந்தவர்கள், "சைனாக்காரன் எடுக்கானா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினார்கள். மரவள்ளிக் கிழங்குக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்த கிழவிகூட ஷாங்காய் பற்றி விசாரித்தாள்.

அந்த நாட்களில் எல்லோருமே ரப்பர் நட்டார்கள். இங்கே தென்னையை வெட்டி நட்டார்கள், வயலைத் தூர்த்து நட்டார்கள். வியட்நாமிலும் கம்போடியாவிலும் லாவோஸிலும் சீனாவின் யுன்னானிலும் மலை மலையாக நட்டார்கள். ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஏழு வருடம் ஆகும். உங்கள் ஒரு அறிவிப்பில் விலை ஏழு நாளில் ஏறிவிடும், ஏழு நாளில் இறங்கிவிடும். மரத்துக்கு அந்த வித்தை தெரியாது. விலை ஏறியபோது வைத்த மரமெல்லாம் சேர்ந்து பால் கொடுக்க ஆரம்பித்த நேரத்தில் சீனாவின் வேகம் தணிந்திருந்தது. 2016 பிப்ரவரியில் கிலோ 100-க்கும் கீழே. எங்கள் ஊரில் ஒருவர் 2011-இல் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பை அழித்து ரப்பர் வைத்தார். 2018-இல் முதல் பால் வெட்டியபோது அவருக்குக் கிடைத்த விலையில், பால் வெட்டுகிறவர் கூலியைக் கொடுத்த பிறகு மிச்சம் எண்ண ஒரு கை விரலே போதும். அவர் மகன் இப்போது கத்தாரில் இருக்கிறான். பழைய 240-ஐ ரப்பர் திரும்பத் தாண்டியது 2024 ஆகஸ்டில். பதின்மூன்று வருடம்! அப்போது எங்கள் பக்கம் நல்ல மழை, பால் வெட்ட முடியவில்லை. பலபேர் ஏற்கெனவே மரத்தை வெட்டித் தடிக்கு விற்றிருந்தார்கள்.

வளைகுடாவைப் பற்றி இரண்டு வரி. எங்கள் மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. என் மச்சான் துபாயில் ஷட்டரிங் கார்பென்டர். 2009 பிப்ரவரியில் வேலை நின்று ஒரு சூட்கேஸோடு திரும்பினார். அந்த நவம்பரில் துபாய் அரசின் கம்பெனியான துபாய் வேர்ல்ட் கடனைக் கட்டத் தவணை கேட்டது, டிசம்பரில் அபுதாபி 10 பில்லியன் டாலர் கொடுத்தது, 2010 ஜனவரியில் உலகத்திலேயே உயரமான அந்தக் கோபுரத்தைத் திறந்தபோது அதுவரை புர்ஜ் துபாய் என்றிருந்த பேர் அபுதாபி ஆட்சியாளரின் பேரில் புர்ஜ் கலீஃபா ஆகிவிட்டது. "கடன் கொடுத்தவன் பேரை வீட்டுக்கே வைச்சிட்டானுவ" என்றார் மச்சான். பலம் எப்படி நகர்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் எங்கும் வாசிக்கவில்லை.

கொல்லாங்கொட்டைக் கதையும் அதே மாதிரிதான். எங்கள் மைனி பத்து வருடம் அண்டி ஆபீஸில், அதாவது கொட்டை உடைக்கும் ஆலையில், இருந்தாள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை உடைத்து, பருப்பாக்கி, அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். நெடுங்காலம் அதில் உலகத்துக்கே இந்தியாதான் முதல். 2006 வாக்கில் வியட்நாம் மெஷினோடு வந்து அந்த இடத்தைப் பிடித்தது. மைனியின் விரல் நுனியில் அண்டி எண்ணெய் ஏறிய கறுப்பு, வேலை போய் எத்தனையோ நாள் ஆகியும் போகவில்லை. கிழக்கு எழுகிறது என்கிறீர்கள். கிழக்கிலும் எழுகிறவர்களும் விழுகிறவர்களும் உண்டு.

இனி நாற்காலி விஷயம். 1975-இல் ஆறு நாடுகள் உட்கார்ந்து உலகப் பொருளாதாரத்தைப் பேசின. அடுத்த வருடம் கனடா சேர்ந்து ஏழு. 2008 நவம்பரில் வாஷிங்டனில் ஜி20 தலைவர்கள் உட்கார்ந்தார்கள். நம்ம நாடும் அதில் இருந்தது. 2009 நவம்பரில் நம்ம ரிசர்வ் வங்கி சர்வதேச நாணய நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை 6.7 பில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. 1991-இல் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் ஈடு வைத்து, இதே நிதியத்திடம் கடனும் வாங்கி நின்ற நாடு. நகையை அடகு வைத்துப் பழகிய ஊர்க்காரனுக்கு இந்தச் செய்தியின் ருசி தெரியும். அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, மறைக்கவில்லை.

ஆனால் அந்த நிதியத்தில் ஓட்டுப் பங்கைத் திருத்த 2010-இல் ஒத்துக்கொண்டீர்கள், அமெரிக்க காங்கிரஸ் அதை 2015 டிசம்பர் வரை பெட்டியிலேயே வைத்திருந்தது. திருத்தம் நடப்புக்கு வந்த பிறகும் சீனாவின் ஓட்டு 6.1 சதவிகிதம், நம்ம ஓட்டு 2.6. முக்கியமான முடிவுக்கு 85 சதவிகித ஓட்டு வேண்டும், அமெரிக்காவிடம் 16-க்கு மேல் இருக்கிறது. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இதில் சலித்துப்போய்த்தான் பிரிக்ஸ் என்கிற பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா நாடுகள் 2014-இல் தங்களுக்கென்று ஒரு வங்கி தொடங்க ஒப்பந்தம் போட்டன. ஷாங்காயில் தலைமை அலுவலகம், முதல் தலைவர் நம்ம நாட்டுக்காரர், தொடங்கிய ஐந்து பேருக்கும் சமப் பங்கு. நல்லது. ஆனால் இந்த நாற்காலிச் சண்டையெல்லாம் என் பலகையில் ஒரு ரூபாயைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. முன்பு நியூயார்க் தும்மினால் எங்களுக்குச் சளி பிடித்தது, இப்போது ஷாங்காய் தும்மினாலும் பிடிக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கேட்பது புதிதொன்றுமில்லை. ஏற்கெனவே இருந்து, மூடப்பட்ட ஒன்று. 1979-இல் ஜெனீவாவில் சர்வதேச இயற்கை ரப்பர் ஒப்பந்தம் போட்டார்கள். விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து, கோலாலம்பூரில் ஓர் அமைப்பு வைத்து, அதிகபட்சம் 5,50,000 டன் வரை கிடங்கில் வாங்கி வைக்கும் ஏற்பாடு. விலை ஒரு எல்லைக்குக் கீழே போனால் அமைப்பு வாங்கியே தீர வேண்டும். மேலே போனால் விற்றே தீர வேண்டும். மலேசியாவும் இந்தோனேசியாவும் தாய்லாந்தும் இலங்கையும் ஒரு பக்கம், அமெரிக்காவும் ஜப்பானும் ஐரோப்பாவும் இன்னொரு பக்கம். அந்தக் கடைசி நேரத்தில் வாங்குகிறவர் அப்போது இருந்தார்!

1997 ஜூலையில் தாய்லாந்தின் நாணயம் விழுந்து ஆசிய நெருக்கடி வந்தது. அந்தக் குழப்பத்தில் மலேசியாவும் தாய்லாந்தும் விலகிக்கொள்ள, 1999 அக்டோபரில் அமைப்பு கலைந்தது. கிடங்கில் இருந்ததையும் விற்றுத் தீர்த்தார்கள். இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அதே ஆசிய நெருக்கடிக்குப் பதிலாகத்தான் ஜி20 நிதியமைச்சர்கள் கூட்டம் பிறந்தது. முதல் கூட்டம் பெர்லினில், 1999 டிசம்பரில். ரப்பருக்கு இருந்த மேசை அக்டோபரில் மூடியது, வங்கிகளுக்கான உங்கள் மேசை டிசம்பரில் திறந்தது. ஒரே வீட்டில் ஒரு பக்கம் சாவு, ஒரு பக்கம் பிரசவம்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். கிடங்கு வைத்து விலையைத் தாங்கிப் பார்த்தாயிற்று, சர்வதேசத் தகரக் கவுன்சில் 1985 அக்டோபரில் பணம் தீர்ந்து விழுந்து, லண்டனில் தகர வியாபாரத்தையே நிறுத்த வேண்டி வந்தது என்பீர்கள். உண்மை. பொருந்தாத விலையைப் பிடிவாதமாகத் தாங்கினால் எந்தக் கிடங்கும் ஒருநாள் விழும். என் இரண்டு டன்னும் எனக்கு அதைத்தானே கற்றுக்கொடுத்தது! ஆனால் ஒரு தகரக் கவுன்சில் விழுந்ததால் கிடங்கே கூடாது என்றால், 2008-இல் எத்தனை வங்கி விழுந்தது? வங்கியே கூடாது என்று யாராவது சொன்னீர்களா? முதலைக் கூட்டச் சொன்னீர்கள், கண்காணிப்பை இறுக்கினீர்கள், விதியைத் திருத்தினீர்கள். அதே பொறுமையை ஏன் கிடங்குக்குக் காட்டக் கூடாது?

விழுந்ததிலிருந்து விதி பிறப்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்தது. எங்கள் மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது, 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அந்த வங்கி விழுந்தபோது ரிசர்வ் வங்கிக்கு மூன்று வயது. சின்ன ஆட்கள் போட்ட பணத்துக்கு அப்போது எந்தக் காப்பும் கிடையாது. பிறகு 1960-இல், கோட்டயம் பக்கத்துப் பாலாவில், ரப்பர் காட்டுக்கு நடுவே இருந்த பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. அந்தக் கூக்குரலில்தான் 1961-இல் டெபாசிட் இன்சூரன்ஸ் சட்டம் வந்தது. 1962-இல் ஆரம்பித்தபோது ஆளுக்கு 1,500 ரூபாய்க்குக் காப்பு, இப்போது 5 லட்சம். யாரோ ஒருவர் உட்கார்ந்து, 'பெரிய ஆள் எப்படியும் பிழைத்துக்கொள்வான், சின்ன ஆளுக்கு ஒரு தரை வேண்டும்' என்று யோசித்திருக்கிறார்.

தரை என்றால் என்ன என்பதைக் களியக்காவிளையைத் தாண்டினால் பார்க்கலாம். கேரள அரசு 2015-இல் சிறு ரப்பர் விவசாயிக்குக் கிலோவுக்கு 150 ரூபாய் என்று தரை விலை வைத்தது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் குறைகிற தொகையை அவர் வங்கிக் கணக்கில் போடும். பிறகு 170 ஆக்கினார்கள், 180 ஆக்கினார்கள். எங்கள் கடையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரே மழை, ஒரே மண், ஒரே மரம். அந்தப் பக்கத்து மரத்துக்குத் தரை இருக்கிறது, இந்தப் பக்கத்து மரத்துக்கு இல்லை. அங்கே பெண் கொடுத்தவர்கள் இங்கே நிறைய, அதனால் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. இதை நம்ம மாநில அரசிடமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். உங்களிடம் சொல்வது, இது நடக்கக்கூடிய காரியம் என்று காட்டத்தான்.

இன்னொன்று. உலக வர்த்தக அமைப்பின் கணக்குப் புத்தகத்தில் ரப்பர் விவசாயப் பொருள் கிடையாது, தொழிற்சாலைச் சரக்கு. விடியற்காலை மூன்றரை மணிக்கு நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் பட்டை சீவி, சிரட்டை வைத்து, மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற ஆள் விவசாயி இல்லையாம். அதனால் நெல்லுக்கும் கோதுமைக்கும் கிடைக்கிற தற்காப்பு அவருக்குக் கிடையாது. இறக்குமதி வரியை 25 சதவிகிதத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். இதை எழுதியவர் ஒருநாளாவது ஒரு ரப்பர் தோட்டத்தில் கொசுக்கடி வாங்கியிருப்பாரா?

ஆக, நான் கேட்பது இதுதான். ரப்பரை உலகத்தில் மிக அதிகம் பயன்படுத்துவது சீனா, அடுத்து இந்தியா. இரண்டும் உங்கள் மேசையில். அமெரிக்காவும் ஜப்பானும் ஐரோப்பாவும் உங்கள் மேசையில். விளைவிப்பதில் இரண்டாவதாக இருக்கும் இந்தோனேசியாவும் உங்கள் மேசையில், 2025 முதல் பிரிக்ஸிலும். முதலிடத்துத் தாய்லாந்தை மட்டும் கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டால் பேச வேண்டியவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். 1979-இல் நடந்த பேச்சை 1985-இன் பாடத்தோடு மறுபடி ஆரம்பியுங்கள். பிரிக்ஸ் வங்கி சாலைக்கும் மின்சாரத்துக்கும் கடன் கொடுக்கிறதே, ஒரு கிடங்குக்குக் கொடுத்தால் குடிமுழுகியா போய்விடும்? ரப்பரில் ஆரம்பித்துச் சரியாக வந்தால் மிளகைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அதுவரை, அடுத்த தடவை ஏதாவது ஒரு பெரிய பேர் விழும்போது, அதைத் தூக்கி நிறுத்தக் கணக்குப் போடுகிற அந்த ராத்திரி, காகிதத்தின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தச் சாவுக்குத் துட்டிச் செலவு யார் தலையில் விழும், எவ்வளவு?

பாட்டா 2014-இல் காலமாகிவிட்டார். பேத்தி கல்யாணம் நல்லபடியாக நடந்தது, அந்த 13,500-க்கு மேலே எங்கே கடன் வாங்கினார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அந்தப் பேத்திதான் ஷீட் கொண்டுவருகிறாள். எடை போடும்போது தராசுக்குப் பக்கத்திலேயே நிற்பாள்.

பதில் எழுதுவதாக இருந்தால் தமிழில் எழுதலாம், மலையாளத்திலும் எழுதலாம். எங்கள் ஜங்ஷனில் இரண்டும் வாசிப்போம்.

இப்படிக்கு,
ஒரு மலைச்சரக்குக் கடைக்காரன்,
குலசேகரம் அருகே, கன்னியாகுமரி மாவட்டம்